வெட்டுப்பட்ட ‘வில்லை’

ராத்திரி பத்தேகாலுக்கு ஓர் அம்மா சேவை மைய எண்ணைக் கூப்பிட்டு அழுதிருக்கிறார். மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட உட்கார்ந்தவர். பாதியில் இணையம் அறுந்துவிட்டது. சற்று நேரத்தில் பூட்டிய செல்பேசித் திரையில் ஓர் அறிவிப்பு வந்து நின்றது. அதில் அவர் கண்ணுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:

“தொழில்நுட்பக் காரணங்களால் தாங்கள் மேற்கொண்ட பரிவர்த்தனைக்கான தொகை தங்கள் கணக்கிலிருந்து எடுக்கப்பட…”

முழு வரியின் கடைசிச் சொல் ‘எடுக்கப்படவில்லை’. திரையில் இடம் போதாமல் ‘வில்லை’ வெட்டுப்பட்டுவிட்டது. பணம் போகவில்லை என்று சொல்ல வந்த வரி, பணம் போய்விட்டது என்று சொல்லிவிட்டது.

அந்த வரியை எழுதியவன் நான்தான். இலக்கணப் பிழை ஒன்றும் கிடையாது. ஒற்றெல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தேன்.

காசுக்கு எழுதுகிறவன் நான். கடைகளின் இணையதளம், செயலிகளின் பொத்தான், குறுஞ்செய்தி, பொருளுக்குக் கீழே வரும் நாலு வரி விளக்கம் எல்லாம் எழுதுவேன். தொடக்கத்தில் ஆங்கிலப் பக்கத்தைத் தந்து தமிழாக்கச் சொல்வார்கள். சொல் கணக்கில் கூலி. எப்படி எழுதினால் இணையத்தில் படிப்பார்கள் என்று சொல்லிக்கொடுக்கும் ஆங்கிலக் குறிப்புகளை அப்போது மனப்பாடமாக வைத்திருந்தேன். வாக்கியத்தைச் சின்னதாக்கு, செயப்பாட்டுவினையைத் தவிர், முக்கியமானதை முதலில் சொல். எல்லாம் நல்ல யோசனைதான். ஆனால் அவை ஆங்கிலத்தின் நோய்க்கு எழுதிய மருந்துச் சீட்டு. நம் மொழிக்கு வரும் நோய் வேறு. அந்த ராத்திரிதான் அது எனக்கு உறைத்தது.

தமிழில் வினை கடைசியில் வரும். ‘இல்லை’யும் ‘மாட்டோ’மும் ‘முடியாது’ம் அதற்கும் பின்னால், வாலைப் பிடித்துக்கொண்டு வரும். ஆங்கிலத்தில் மறுப்பு வாக்கியத்தின் நடுவிலேயே வந்துவிடுவதால், வால் அறுந்தாலும் சேதி தப்பிவிடும். நம் வாக்கியத்துக்கு வால்தான் உயிர். காகிதத்தில் இது ஒரு குறையே இல்லை. வரியைப் பாதியில் யாரும் வெட்டுவதில்லை. திரை வெட்டும். அறிவிப்பு வெட்டும், தேடல் முடிவு வெட்டும், ‘மேலும் காட்டு’ வெட்டும். இவை போதாதென்று வாசிப்பவரின் கட்டைவிரல் வேறு.

இதற்கு மருந்து என்ன என்று நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. அன்றைக்கு அழைப்பை எடுத்த பெண் அந்த அம்மாவிடம் பேசியதன் பதிவைக் கேட்டேன். “இல்லம்மா, உங்க பணம் பத்திரமா இருக்கு. கட்டணம்தான் போகலை. இன்னொரு தடவ கட்டிப் பாருங்க.” அவ்வளவுதான். பேசும்போது நாம் ‘இல்ல’ என்பதை முன்னால் தூக்கிப் போட்டுவிடுகிறோம். கேட்பவர் பதறுகிறார் என்று தெரிந்தால் முதல் வேலையாகப் பதற்றத்தைத் தணிக்கிறோம். எழுத உட்கார்ந்தால் மட்டும் தாசில்தார் ஆகிவிடுகிறோம். மறுநாள் அந்த வரி “உங்கள் பணம் பத்திரம். கட்டணம் செல்லவில்லை, மறுபடி முயலுங்கள்” என்று மாறியது. எங்கே வெட்டினாலும் முதல் மூன்று சொல் தப்பிக்கும். எழுதியது அந்தப் பெண். பில் போட்டது நான்.

இரண்டாவது பாடம் கோவில்பட்டிப் பக்கத்தில் மரச்செக்கு வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சியிடம் கிடைத்தது. இணையத்தில் எண்ணெய் விற்க ஆசைப்பட்டார். ‘எங்களைப் பற்றி’ பக்கத்துக்கு நான் எழுதிக்கொண்டு போன முதல் வாக்கியம்:

“பாரம்பரிய முறையில் தயாரிக்கப்பட்ட தரமான மற்றும் ஆரோக்கியமான எண்ணெய் வகைகளை வாடிக்கையாளர்களுக்கு வழங்குவதில் எங்கள் நிறுவனம் பெருமை கொள்கிறது.”

செல்பேசியைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, உதடு அசைய வாசித்தார். “நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா எண்ணெய்ங்கிற எடத்துல சிமெண்டுன்னு போட்டா சிமெண்டுக் கடைக்கும் ஆகுமே.”

அதிலிருந்து எதை எழுதினாலும் சிமெண்ட் போட்டுப் பார்க்கிறேன். ‘பல ஆண்டு அனுபவம்’ என்ற வரி தாங்காது. ‘வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் இலக்கு’ என்பதும் தாங்காது. சிமெண்ட் போட்டால் கெட்டுப்போகிற வரி எதுவோ அதுதான் அந்தக் கடைக்கு உரிய வரி.

அன்றைக்குச் செல்பேசியைப் பதிவில் போட்டுவிட்டு, “எண்ணெ எப்படி ஆட்டுறீங்க, சொல்லுங்க அண்ணாச்சி” என்றேன். நாற்பது நிமிஷம் பேசினார். “செக்குக்கு வாகை மரந்தான். எள்ளு அரைபடும்போது கருப்பட்டியத் தட்டிப் போடணும், அப்பத்தான் எண்ணெ பிரிஞ்சு வரும். ஆட்டுனத அன்னைக்கே விக்க மாட்டேன். வெயில்ல வெச்சு, கசடு அடியில தங்கட்டும்னு விட்டுருவேன். அவசரப்பட்டு ஊத்துனா பாட்டிலுக்கு அடியில மண்டி நிக்கும், வாங்குறவன் கலப்படம்னு நெனைப்பான்.”

இதற்கு மேல் நான் எழுத என்ன இருக்கிறது? பக்கத்தில் இப்போது இப்படி இருக்கிறது: “ஆட்டிய எண்ணெயை அன்றே விற்பதில்லை. வெயிலில் வைத்து, கசடு அடியில் தங்கிய பிறகே பாட்டிலில் ஊற்றுகிறோம். அப்படியும் அடியில் கொஞ்சம் மண்டி தெரியலாம். அது எள்ளின் மிச்சம், கலப்படம் அல்ல.” வாங்குபவர் மனசில் எழப்போகும் சந்தேகத்தை அண்ணாச்சி முன்கூட்டியே அறிந்திருந்தார். முப்பது வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்து அதே கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பவர் அல்லவா.

கவனித்தால் தெரியும், ‘ஊத்துறோம்’ என்று எழுதாமல் ‘ஊற்றுகிறோம்’ என்றுதான் எழுதினேன். பேச்சுத் தமிழில் அப்படியே எழுதினால் என்ன என்று நண்பர்கள் கேட்பதுண்டு. விளம்பரத் தலைப்புக்கு ‘வாங்க’, ‘பாருங்க’ ஓகே. ஒரு பக்கம் முழுக்க அப்படி எழுதினால் வாசிப்பவர் எழுத்துக்கூட்டத் தொடங்கிவிடுவார். பேச்சைக் காதால் கேட்டுத்தான் நமக்குப் பழக்கம், கண்ணால் பார்த்து அல்ல. தவிர, பேச்சு நாகர்கோவிலில் ஒன்று, கோவையில் ஒன்று, யாழ்ப்பாணத்தில் வேறொன்று. அதனால் நான் செய்வது இது: வினைமுற்றும் வேற்றுமை உருபும் எழுத்துத் தமிழில் இருக்கும், சொற்கள் வரும் வரிசையும், எங்கே மூச்சு விடுவது என்பதும் பேச்சிலிருந்து வரும். வேட்டியை ஒழுங்காகக் கட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து பேசுவது மாதிரி.

வாக்கிய நீளத்துக்கு வருகிறேன். ‘சின்ன வாக்கியமாக எழுது’ என்ற அறிவுரையை நம்பி, எல்லாவற்றையும் நாலு நாலு சொல்லாக நறுக்கிக்கொண்டிருந்தேன். வாசித்தால் தந்தி மாதிரி இருந்தது. பிறகுதான் புரிந்தது, தமிழில் நீளம் இரண்டு வகை. “எள்ளைக் கழுவி, வெயிலில் காயவைத்து, புடைத்து, செக்கில் கொட்டி, கருப்பட்டி சேர்த்து ஆட்டுகிறோம்” என்பது நீளமான வாக்கியம்தான். ஆனால் குழந்தைக்கும் புரியும். வினையெச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கட்டு போல வருகின்றன. ஒவ்வொரு படியிலும் கால் வைத்து நிற்கலாம். கதை சொல்லும் பாட்டிகள் ஒரே மூச்சில் அரைப் பக்கத்துக்கு நீட்டுவது இந்த வகையில்தான்.

இப்போது இதைப் பாருங்கள்: “வெயிலில் காயவைக்கப்பட்ட எள்ளிலிருந்து வாகை மரத்தில் செய்யப்பட்ட செக்கின் மூலம் எடுக்கப்பட்ட எண்ணெயில் தங்கியிருக்கும் கசடு.” சொற்கள் சுமார் அதே அளவுதான். ஆனால் ‘கசடு’ வரும்வரை எதைப் பற்றிப் பேச்சு என்றே தெரியாது. பெயரெச்சத்தின் மேல் பெயரெச்சம் ஏற்றி, அத்தனை மூட்டையையும் வாசிப்பவர் தலையில் வைத்துவிட்டு, இறக்கிவைக்கும் இடத்தைக் கடைசியில் காட்டுகிறோம். ஆங்கிலத்தில் இந்த மூட்டைகள் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வரும். சொல்லைக் கண்ட பிறகு விவரம். அதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் எல்லாம் முன்னால் வந்து குவிந்துவிடும். எனவே இப்போதெல்லாம் நான் சொற்களை எண்ணுவதில்லை. ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் எத்தனை ‘ட்ட’, ‘கிற’, ‘உள்ள’ நிற்கின்றன என்று மட்டும் பார்ப்பேன். இரண்டுக்கு மேல் போனால் உடைத்துவிடுவேன்.

அடுத்தது ‘படு’. இதைப் பற்றி எல்லோரும் திட்டியாயிற்று, நானும் திட்டப்போவதில்லை. ஆனால் ‘படு’வை எடுத்துவிட்டு ‘நாங்கள்’ என்று ஓர் எழுவாயை ஒட்டுவதுதான் வழி என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் ஆங்கில மருந்துதான். தமிழில் தன்வினை, பிறவினை என்று ஒரு ஜோடி சும்மா கிடக்கிறது. திரும்பு, திருப்பு. உடை என்பதில்கூட உடைந்தது, உடைத்தேன். ‘ஆர்டர் அனுப்பப்பட்டது’ என்பதற்கு ‘ஆர்டர் கிளம்பியது’. ‘கடை காலை 9 மணிக்குத் திறக்கப்படும்’ என்பதற்கு ‘கடை 9 மணிக்குத் திறக்கும்’. யார் செய்தார் என்பது முக்கியமில்லாத இடத்தில் ஆளையும் காட்ட வேண்டாம், ‘படு’வும் வேண்டாம். தானே நடந்த மாதிரி சொல்லிவிட்டுப் போகலாம்.

பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் மட்டும் இந்த வித்தையைக் காட்டக் கூடாது என்பது என் கட்சி. ஒரு துணிக்கடைக்கு எழுதியபோது, ‘பணம் திருப்பி அளிக்கப்படும்’ என்று இருந்ததை ‘ஏழு நாளில் பணத்தைத் தந்துவிடுவோம்’ என்று மாற்றினேன். முதலாளி யோசித்தார். “தந்துவிடுவோம்னு எழுதிட்டா தரணுமே சார்,” என்றார். “படும்னே இருக்கட்டும்.” செயப்பாட்டுவினைக்கு இதைவிடத் தெளிவான உரையை எந்த இலக்கண ஆசிரியரும் எனக்குச் சொன்னதில்லை.

பொத்தான்களில் நான் பட்ட பாடு தனிக் கதை. ஒரு செயலியில் ஆர்டரை ரத்து செய்ய அழுத்தினால் ஒரு கேள்வி வரும்: “ஆர்டரை ரத்து செய்ய வேண்டுமா?” கீழே இரண்டு பொத்தான், ‘சரி’, ‘ரத்து செய்’. இதில் ‘ரத்து செய்’ என்பது ரத்து செய்வதை ரத்து செய்வதற்காம்! ஆங்கிலத்தில் கேள்விப் பெட்டியை மூடும் பொத்தானுக்கும், ஆர்டரை விலக்கும் செயலுக்கும் ஒரே சொல். அகராதி பார்த்து இரண்டையும் ஒன்றாகவே பெயர்த்திருந்தார்கள். வேண்டாத புடவையை விலக்க நினைத்தவர்கள் ‘ரத்து செய்’யை அழுத்தி, புடவை வீடு வந்து சேர்ந்தது. நான் ‘ஆர்டர் வேண்டாம்’, ‘ஆர்டர் இருக்கட்டும்’ என்று மாற்றினேன். கேள்வியைப் படிக்காமல் பொத்தானை மட்டும் பார்த்தாலும் புரிய வேண்டும். ஏனென்றால் கேள்வியை யாரும் படிப்பதில்லை.

பொத்தானில் ‘அனுப்பு’ என்று ஒருமையில் எழுதினால் மரியாதைக் குறைவு என்று சண்டைக்கு வருவார்கள். ‘அனுப்பவும்’ என்று மாற்றச் சொல்வார்கள். எனக்கு இதில் குழப்பமே இல்லை. பொத்தானை அழுத்துபவர் இயந்திரத்துக்கு ஆணையிடுகிறார். ‘அனுப்பு’ என்பது அவர் குரல். இயந்திரத்துக்கு எதற்கு மரியாதை? பொத்தானுக்கு மேலே நாம் அவரிடம் பேசும் வரியில்தான் ‘முகவரியைச் சரிபாருங்கள்’ என்று ‘ங்கள்’ வர வேண்டும். யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று தெரிந்துவிட்டால் விகுதி தானாக அமையும். ‘சமர்ப்பி’ என்ற சொல்லை மட்டும் எங்கே கண்டாலும் அடித்துவிடுவேன். பஞ்சாமிர்தத்துக்கு முகவரி தட்டுகிறவர் எதையும் யாருக்கும் சமர்ப்பிக்கவில்லை.

‘அவும்’ விகுதி அலுவலகப் பலகையின் குரல். ‘வரிசையில் நிற்கவும்’, ‘செருப்பை வெளியே விடவும்’. கடையில் நுழைகிறவரிடம் யாரும் அப்படிப் பேசுவதில்லை.

சில்லறை விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ‘மற்றும்’ வந்தால் ‘உம்’ போட்டுப் பாருங்கள்: எள்ளும் கடலையும். ‘ஒரு’ வந்தால் எடுத்துப் பாருங்கள். பத்தில் ஏழு இடத்தில் காணாமல் போனதே தெரியாது. ‘மூன்று பாட்டில்கள்’ வேண்டாம், மூன்று பாட்டில் போதும், எண் சொன்ன பிறகு ‘கள்’ எதற்கு. ‘ஆய்வு மேற்கொண்டார்’ என்றால் ஆராய்ந்தார். ஒற்றை விடுவதைவிட வேண்டாத இடத்தில் போடுவது கண்ணை உறுத்தும்: ‘கடைத் திறந்திருக்கும்’ என்று பெரிய எழுத்தில் போட்ட பக்கத்தை நேற்றுகூடப் பார்த்தேன். பத்தியை ‘மேலும்’ என்று தொடங்கும் நோய் எனக்கே இன்னும் தீரவில்லை. எழுதி முடித்ததும் தேடித் தேடி அடிக்கிறேன்.

தேடுபொறிக்காக எழுதும் கொடுமைக்கு வருவோம். “சிறந்த மரச்செக்கு நல்லெண்ணெய் வாங்க எங்கள் மரச்செக்கு நல்லெண்ணெய் கடையில் மரச்செக்கு நல்லெண்ணெய்…” இதற்கு எழுநூறு, எண்ணூறு வருஷத்துக்கு முன்பே பெயர் வைத்துவிட்டார்கள். பவணந்தி முனிவர் நன்னூலில் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைச் சொல்கிறார்; அதில் ஒன்று ‘கூறியது கூறல்’. கடலை எண்ணெய் பற்றிய கட்டுரையை ‘உணவு மனிதனின் அடிப்படைத் தேவை’ என்று தொடங்கினால் அது ‘மற்றொன்று விரித்தல்’. பத்திலும் எனக்குப் பிடித்தது ‘சென்று தேய்ந்திறுதல்’. தொடக்கத்தில் தேர் மாதிரி கிளம்பி, போகப் போகத் தேய்ந்து, ‘எனவே இன்றே அணுகுங்கள்’ என்று முச்சந்தியில் நின்றுவிடும் கட்டுரைகளுக்கு இதைவிடப் பொருத்தமாக யார் பெயர் வைக்க முடியும்?

ஆனாலும் ஜனங்கள் என்ன சொல்லித் தேடுகிறார்கள் என்பதைப் பார்க்காமல் இருக்க முடியாது. ‘எண்ணெய்’ என்பதுதான் சரி. பாதிப் பேர் ‘எண்ணை’ என்றுதான் தட்டுகிறார்கள். அண்ணாச்சியின் பக்கத்தில் ‘எண்ணெய்’ என்றே எழுதினேன். வாங்கியவர்கள் கேட்ட கேள்விகளை அவர்கள் எழுதியபடியே ஒரு பகுதியில் போட்டேன். அதில் ‘எண்ணை’யும் வந்துவிட்டது. எனக்குப் பழியில்லை.

கடைசியாகக் குறுஞ்செய்தி. பொருள் கிளம்பியதும் வாங்கியவருக்கு ஒரு செய்தி போக வேண்டும். ஆங்கிலக் குறுஞ்செய்தியில் 160 எழுத்துக்கு இடம் உண்டு. தமிழ் என்றால் யூனிகோடு, 70 இடம்தான். அதைத் தாண்டினால் செய்தி 67 இடம் கொண்ட துண்டுகளாக உடைந்து, ஒவ்வொன்றுக்கும் தனியாகக் காசு. அந்த எழுபதும் நாம் எண்ணும் எழுத்து அல்ல. புள்ளிக்கு ஓர் இடம், கொம்புக்கு ஓர் இடம், காலுக்கு ஓர் இடம். ‘வணக்கம்’ நமக்கு ஐந்தெழுத்து, கணினிக்கு ஏழு.

நான் எழுதிக் கொடுத்தது: “உங்கள் எண்ணெய் இன்று கிளம்பியது. நாளை மறுநாள் வரும்.”

அண்ணாச்சிக்குப் பிடிக்கவில்லை. “மொட்டையா இருக்கே தம்பி. ‘அன்புள்ள வாடிக்கையாளரே’ன்னு ஆரம்பிக்க வேண்டாமா? நம்மள நம்பிக் காசு போட்ட மனுசன்.”

எண்ணிக் காட்டினேன். ‘அன்புள்ள வாடிக்கையாளரே’ போட்டு ஒரு காற்புள்ளியும் வைத்தால் அதற்கே 23 இடம். மொத்தம் 76. இரண்டு செய்தியாகிவிடும், இரட்டைச் செலவு. மரியாதைக்கு வேறு வழி பார்க்கலாம் என்று ‘வணக்கம்.’ போட்டேன். 61 ஆயிற்று.

“அப்ப இன்னும் ஒம்பது இருக்குல்ல?”

“இருக்கு.”

“‘நன்றி’ போடுங்க. வணக்கம் சொல்லிட்டு நன்றி சொல்லாம போறது நல்லா இல்ல.”

இடைவெளியும் முற்றுப்புள்ளியும் சேர்த்து ‘நன்றி’க்கு ஏழு. 68. போட்டுவிட்டேன். “வணக்கம். உங்கள் எண்ணெய் இன்று கிளம்பியது. நாளை மறுநாள் வரும். நன்றி.” உதடு அசைய இரண்டு தடவை வாசித்தார். முகத்தில் திருப்தி. செல்பேசியைத் திருப்பித் தரப் போனவர், மறுபடியும் இழுத்துக்கொண்டார்.

“மிச்சம் ரெண்டு எடம் கெடக்கே தம்பி, அதுல என்ன போடலாம்?”